உளவியல் ஆலோசனைக்குள் வர முழு உளவியல் பட்டம் தேவையா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 28. வணிகவியலில் பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளானார். மருத்துவர், மருந்து, ஆலோசகர் என்று அவர் மீண்டு வந்த எட்டு மாதங்களும் நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். வாரம் ஒரு முறை ஆலோசகரின் அறையிலிருந்து அவர் வெளியே வரும்போது முகத்தில் தெரிந்த மாற்றத்தை இன்னதென்று சொல்ல எனக்கு இன்றும் சொற்கள் கிடைக்கவில்லை. அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று அறிய வேண்டும், முடிந்தால் அதை நானும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அன்று முதல் என்னை விடவில்லை.

இப்போது என் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உளவியலில் இளநிலைப் பட்டத்தை முதலிலிருந்து தொடங்குவது. மற்றொன்று, எந்தப் பட்டதாரியும் சேரக்கூடிய இரண்டு ஆண்டு உளவியல் ஆலோசனை முதுநிலைப் படிப்பு. இளநிலைப் பாடத்திட்டத்தைப் பார்த்தபோது புள்ளியியல், ஆய்வு முறையியல், மூளையின் உயிரியல், நினைவாற்றல், புலனறிவு என்றே பெரும்பகுதி இருக்கிறது. ஒரு மனிதர் என் முன் அமர்ந்து அழும்போது இவை எந்த விதத்தில் உதவும் என்பது உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். "வீட்டில் இப்படி ஒரு துயரத்தைப் பார்த்தவர்கள் இந்தத் துறைக்கு வரக்கூடாது, வந்தால் பிறர் கதையில் தங்கள் கதையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்" என்று நெருங்கிய உறவினர் ஒருவர் சொன்னார். நண்பர்களோ, நான் நன்றாகக் காது கொடுத்துக் கேட்பேன், எனவே இந்தப் படிப்பு எனக்கு எளிதாக வரும் என்கிறார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் இரண்டையும் எப்படிப் பார்க்கிறீர்கள்?

பதில் 1 (பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பிப்பவர்)

நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியை ஏறத்தாழ இதே சொற்களில் ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில் மாணவர்களிடமிருந்து கேட்கிறேன். அவர்களுக்குச் சொல்வதையே சற்று விரிவாக உங்களுக்கும் எழுதுகிறேன்.

உளவியலும் ஆலோசனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத் தோன்றினாலும் இரண்டும் பிறந்த இடங்கள் வேறு. 1879 இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் அமைத்த ஆய்வுக்கூடத்தைத்தான் அறிவியல் உளவியலின் தொடக்கமாக வழக்கமாகக் குறிப்பிடுவார்கள். ஓர் ஒலியைக் கேட்டதற்கும் அதற்கு எதிர்வினை காட்டியதற்கும் இடையிலான நேரத்தை அளப்பது போன்ற வேலைகள் அங்கு நடந்தன. ஆலோசனையின் வேர்களில் ஒன்றோ, இளைஞர்கள் தங்களுக்கு ஏற்ற தொழிலைத் தேர்ந்தெடுக்க உதவுவதற்காக 1908 இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய தொழில்வழிகாட்டி நிலையத்தில் இருக்கிறது. ஒன்று மனத்தைப் பற்றிய பொதுவிதிகளைத் தேடியது, மற்றொன்று எதிரே அமர்ந்திருக்கும் ஒருவருக்கு இன்று என்ன செய்யலாம் என்று தேடியது. இரண்டும் பின்னர் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன என்றாலும், அந்தப் பழைய வேறுபாட்டின் சாயலை நீங்கள் பார்த்த இரண்டு பாடத்திட்டங்களிலும் இன்றும் காணலாம்.

இனி, அழுகின்ற மனிதருக்கு நினைவாற்றல் பாடம் எப்படி உதவும் என்ற கேள்விக்கு வருகிறேன். 1974 இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் ஒரு கார் விபத்துக் காட்சியைத் திரையில் காட்டிவிட்டு, பார்த்தவர்களில் ஒரு பகுதியினரிடம் "கார்கள் மோதியபோது எவ்வளவு வேகத்தில் சென்றன?" என்றும், இன்னொரு பகுதியினரிடம் "மோதி நொறுங்கியபோது எவ்வளவு வேகத்தில் சென்றன?" என்றும் கேட்டார்கள். "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். அது மட்டுமா? ஒரு வாரம் கழித்து "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது, "நொறுங்கிய" குழுவின் 50 பேரில் 16 பேரும், "மோதிய" குழுவின் 50 பேரில் 7 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்தக் காட்சியில் உடைந்த கண்ணாடியே கிடையாது. தன் குழந்தைப் பருவத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேசும் ஒருவரிடம் கேள்வி கேட்கும் இடத்தில் நாளை நீங்கள் இருப்பீர்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு வினைச்சொல் அவருடைய நினைவிலேயே இல்லாத ஒன்றைச் சேர்த்துவிடக்கூடும் என்பதை அறியாமல் அந்த நாற்காலியில் அமர்வது ஆபத்தானது என்றே நான் கருதுகிறேன்.

புள்ளியியலுக்கும் இதே கதைதான். மனிதர்கள் பெரும்பாலும் துயரம் உச்சத்தில் இருக்கும்போதுதான் உதவி தேடி வருகிறார்கள். உச்சத்தில் இருக்கும் எதுவும், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், சில வாரங்களில் ஓரளவு தணிவதற்கே வாய்ப்பு அதிகம். சராசரியை நோக்கிய இந்தத் திரும்புதலை ஃபிரான்சிஸ் கால்டன் 1886 இல் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை ஒப்பிட்டு விளக்கினார். இதை அறியாத ஆலோசகர், மூன்றாவது அமர்வில் "இப்போது பரவாயில்லை" என்று கேட்டவுடன் அது தன் திறமையால் நிகழ்ந்தது என்று நம்பிவிடுவார். அந்த நம்பிக்கையோடு அடுத்த இருபது ஆண்டுகள் அதே தவற்றைச் செய்துகொண்டிருக்கவும் முடியும். ஒப்பீட்டுக் குழு ஏன் தேவை, ஐந்து பேருக்குப் பலித்தது ஐந்நூறு பேருக்குப் பலிக்குமா என்றெல்லாம் கேட்கப் பழக்குவதுதான் நீங்கள் அஞ்சும் அந்தப் பாடம்.

எங்கள் துறையும் தன்னைத்தானே இப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2015 இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில், ஏற்கெனவே ஆய்விதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறத்தாழ 36 விழுக்காட்டில் மட்டுமே புள்ளியியல் அளவில் பொருள்படும் முடிவு மீண்டும் கிடைத்தது. பாடநூலில் இருப்பதாலேயே ஒன்று உறுதியானது என்று எடுத்துக்கொள்ளாத மனநிலையை வகுப்பறையில்தான் பெற முடியும். என் பரிந்துரை, காலம் அனுமதித்தால் முழு உளவியல் பட்டம்.

பதில் 2 (பதினான்கு ஆண்டுகளாக ஆலோசகராகவும் பயிற்சி மாணவர்களின் மேற்பார்வையாளராகவும் பணிபுரிபவர்)

மேலே எழுதிய பேராசிரியர் அவர்களின் கருத்துகளை மதிக்கிறேன், குறிப்பாகக் கேள்வியின் சொற்களைப் பற்றி அவர் சொன்னதை. ஆனால் பரிந்துரையில் வேறுபடுகிறேன். நினைவாற்றலைப் பற்றிய தேர்வில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்கள், எதிரே ஒருவர் மௌனமாக இருக்கும் இருபது நொடிகளைத் தாங்க முடியாமல் ஏதாவது ஆறுதல் சொல்லி அந்த மௌனத்தைக் கலைத்துவிடுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த இருபது நொடிகளைத் தாங்க எந்தப் பாடநூலும் கற்றுத் தருவதில்லை.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. "ஆலோசனை" என்றவுடன் மக்கள் அறிவுரையை எதிர்பார்க்கிறார்கள், படிக்க வரும் மாணவர்களும் நல்ல அறிவுரை சொல்லக் கற்றுக்கொள்ளலாம் என்றே வருகிறார்கள். "ஆற்றுப்படுத்துதல்" என்ற சொல்லைச் சிலர் பயன்படுத்துகிறார்கள், எனக்கு அது பிடிக்கும். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படையில் பரிசில் பெற்று வந்த பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி காட்டுவான். ஆனால் அங்கும் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும், அந்தப் பாணன் தான் போய் வந்த வழியையே காட்டுகிறான். எங்கள் அறையிலோ, வந்தவர் போக வேண்டிய வழியில் நாங்கள் ஒருபோதும் நடந்ததில்லை என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

உங்கள் நண்பர்கள் பாராட்டும் அந்தக் கேட்கும் பழக்கம் நல்ல தொடக்கம். ஆனாலும் நண்பராகக் கேட்பதற்கும் ஆலோசகராகக் கேட்பதற்கும் இடையே பெரிய தொலைவு உண்டு. நண்பர் உங்கள் பக்கம் நின்று எதிராளியைத் திட்டலாம், "எனக்கும் இப்படி நடந்தது" என்று தன் கதையைச் சொல்லலாம், இரவு எந்த நேரமும் தொலைபேசியில் கிடைக்கலாம். பயிற்சியில் இவை ஒவ்வொன்றையும் நீங்கள் கீழே வைக்கப் பழக வேண்டியிருக்கும். வழக்கமாக மாணவர்களை மூவர் மூவராகப் பிரிப்போம். ஒருவர் தன் வாழ்விலிருந்து ஏதோவொரு சிறு சிக்கலைப் பேசுவார், ஒருவர் கேட்பார், மூன்றாமவர் எதுவும் பேசாமல் கவனிப்பார். அதை ஒலிப்பதிவு செய்து, கேட்டவர் தானே சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு வர வேண்டும். நான் மாணவியாக இருந்தபோது பத்து நிமிடப் பதிவு ஒன்றை முதன்முதலாக எழுதிப் பார்த்தேன். ஒரே மூச்சில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன், அவர் "பயமாக இருந்தது" என்று சொன்னதை "கோபமாக இருந்திருக்கும்" என்று மாற்றிச் சொல்லியிருந்தேன், அவர் அழத் தொடங்கிய இடத்தில் பேச்சைத் திருப்பியிருந்தேன். அன்றுவரை நான் நன்றாகக் கேட்பவள் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

பதிவு செய்து கற்கும் இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமர்வில் என்ன நடந்தது என்பதை ஆலோசகரின் நினைவிலிருந்து மட்டுமே அறிய முடிந்த காலத்தில், கார்ல் ரோஜர்ஸும் அவருடைய மாணவர்களும் 1940 களின் தொடக்கத்தில் முழு அமர்வுகளை ஒலித்தட்டுகளில் பதிவு செய்யத் தொடங்கினார்கள், 1942 இல் ஒருவருடைய சிகிச்சை முழுவதும் சொல்லுக்குச் சொல் அச்சில் வந்தது. 1957 இல் ரோஜர்ஸ் மாற்றம் நிகழ்வதற்குத் தேவையானவை என்று சில நிபந்தனைகளை முன்வைத்தார். அவற்றில் ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, ஆலோசகரின் உண்மைத்தன்மை ஆகிய மூன்றை இன்றும் முதல் பருவத்திலேயே கற்பிக்கிறோம். படிக்க மூன்றும் இனிமையான சொற்கள். தன் குழந்தையை அடித்துவிட்டு வந்து அதை நியாயப்படுத்தும் ஒருவர் முன் அமரும்போதுதான் இரண்டாவது சொல்லின் எடை தெரியும்.

உங்கள் உறவினர் சொன்னதைப் பற்றி. அவர் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை, ஆனால் அதிலிருந்து அவர் வந்தடைந்த முடிவு தவறு. தந்தையை இழந்த ஒருவரை என் பயிற்சிக் காலத்தில் சந்தித்தேன். என் தந்தை இறந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. நான்கு அமர்வுகள் வரை எல்லாம் நன்றாகப் போவதாக நினைத்தேன். மேற்பார்வையில் என் ஆசிரியர் பதிவைக் கேட்டுவிட்டு, "இவர் தன் தந்தை மேல் உள்ள கோபத்தைச் சொல்ல மூன்று முறை முயன்றிருக்கிறார், மூன்று முறையும் நீங்கள் அவருடைய அன்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்" என்றார். என் தந்தை மேல் கோபப்பட நான் தயாராக இல்லை, அதனால் அவரையும் கோபப்பட விடவில்லை. துயரம் பார்த்தவர்கள் வரக்கூடாது என்றால் இந்தத் துறையில் யாருமே இருக்க மாட்டார்கள். அந்தத் துயரத்தை இன்னொருவர் முன் வைத்துப் பேசிப் பார்த்தவராக வர வேண்டும், வந்த பின்னும் மேற்பார்வைக்குள் இருக்க வேண்டும். சில பயிற்சித் திட்டங்கள் மாணவர்களுக்குத் தனிப்பட்ட ஆலோசனை அமர்வுகளைக் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான். உங்கள் திட்டத்தில் அது இல்லையென்றால் நீங்களாகவே தேடிச் செல்லுங்கள்.

எனவே பட்டத்தின் பெயரைவிட, சேருவதற்கு முன் துறையிடம் சிலவற்றைக் கேட்பது முக்கியம். உண்மையில் உதவி நாடி வருபவர்களோடு எத்தனை மணி நேரம் அமர வைக்கிறார்கள், அல்லது வகுப்புத் தோழர்களோடு நடித்துப் பார்ப்பதோடு முடிகிறதா? ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்கள்? பதிவுகளை யாராவது கேட்கிறார்களா? நீங்கள் பணியாற்ற விரும்பும் நாட்டில் உரிமம் பெற அல்லது பதிவு செய்துகொள்ள அந்தப் பட்டம் செல்லுமா? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். உளவியல் இளநிலைப் பட்டம் இல்லாததால் பின்னாளில் மருத்துவ உளவியல் பக்கம் போக முடியாமல் நின்றவர்களையும் எனக்குத் தெரியும், அந்த அளவில் பேராசிரியரின் பரிந்துரைக்கு வலு உண்டு.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணனைப் பற்றி எழுதியபோது நான் கேட்காமல் விட்ட கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாலும் கூட்டல் கழித்தலுக்கு அப்பால் கணிதம் என்றால் எனக்கு அச்சம், புள்ளியியலை எப்படிக் கடப்பது? வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் இதைப் படிக்க முடியுமா?

பதில் 3 (பொறியியலிலிருந்து வந்து, ஆலோசனை முதுநிலை இரண்டாம் ஆண்டு படிப்பவர்)

நானும் வேறு துறையிலிருந்துதான் வந்தேன். தொலைநிலைக் கல்வியில் கோட்பாடுகளைப் படித்துவிடலாம். ஆலோசனைத் திறனை அப்படிப் பெற முடியும் என்று நான் நம்பவில்லை, ஏனென்றால் மேலே சொன்ன அந்த மூன்றாவது நாற்காலியில் யாராவது அமர்ந்து உங்களைக் கவனித்தே ஆக வேண்டும். நேரடிப் பயிற்சி நாட்கள் உள்ள திட்டமாக இருந்தால் யோசிக்கலாம்.

புள்ளியியலில் நீங்கள் கையால் போடும் கணக்கு மிகக் குறைவு, அதைக் கணினி செய்துவிடும். எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை, வந்த விடை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று சொற்களில் எழுதுவதுதான் கடினம், கணக்கு ஏடுகளில் பிழை தேடிப் பழகிய உங்களுக்கு அது பலருக்கும் முன்பாகவே கைவரும் என்று நினைக்கிறேன். படிக்கும் முறையில் ஒன்று சொல்கிறேன். 2006 இல் ரோடிகரும் கார்பிக்கேவும் செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள், திரும்பப் படிப்பது நம்மை ஏமாற்றும் விதம் அதுதான். புத்தகத்தை மூடிவிட்டு எழுதும் பழக்கத்தோடுதான் முதல் பருவத்தைக் கடந்தேன்.

இன்னோர் எச்சரிக்கை. பிறழ்நிலை உளவியல் பாடம் தொடங்கிய மாதத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மனத்திற்குள் ஒரு நோய்ப்பெயர் வைத்துவிட்டேன். என் தங்கை அதை உணர்ந்து, சில வாரங்கள் என்னிடம் எதையும் பகிராமல் இருந்தாள். அது இன்றும் வருத்தம் தருகிறது. அண்ணனிடம் நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள், அவருக்கு நீங்கள் உடன்பிறப்பாக மட்டும் இருங்கள்.

பதில் 4 (உளவியலில் பட்டம் பெற்று ஆய்வுப் பணியில் இருப்பவர்)

இதுவரை யாரும் தொடாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நாம் படிக்கும் உளவியலின் பெரும்பகுதி, மேற்கத்திய நாடுகளின் கல்லூரி மாணவர்களை வைத்து எழுதப்பட்டது. ஹென்ரிக், ஹெய்ன், நோரன்சயன் ஆகிய மூவரும் 2010 இல் இதைச் சுட்டிக்காட்டி, மனித இனத்தின் ஒரு சிறு பகுதியை வைத்து மனித இனம் முழுவதையும் பற்றிப் பேசுகிறோம் என்று எழுதினார்கள். நீங்கள் ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் கேட்கப் போகிறவர் என்பதால் இது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். பாடநூலில் மனச்சோர்வின் அறிகுறிகள் பட்டியலாக இருக்கும். எதிரே அமர்பவர் "நெஞ்சு கனக்கிறது", "மனசே ஒட்டவில்லை", "உடம்பு அசதியாகவே இருக்கிறது" என்பார். இவற்றை அவசரமாகப் பாடநூல் சொல்லுக்கு மாற்றினால், அவர் சொன்னதில் பாதி கைநழுவிவிடும். படிக்கும்போதே ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் மனிதர்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதி வாருங்கள்.

உளவியல் பட்டம் பெறுபவர்கள் அனைவரும் ஆலோசகர்களாவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நானும் ஆலோசகராகத்தான் நினைத்து வந்தேன், மூன்றாம் ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் என் மனம் தங்கிவிட்டது. முதுநிலை ஆலோசனைப் படிப்பில் அப்படித் திசை மாறும் வசதி குறைவு.

கேள்வி கேட்டவர்

நான்கு பேரின் பதில்களையும் பல முறை படித்தேன். படிப்பில் சேருவதை ஓராண்டு தள்ளிப்போடுகிறேன். அந்த ஓராண்டில் ஓர் ஆலோசகரிடம், அண்ணனின் அந்த எட்டு மாதங்களைப் பற்றி என் பக்கத்திலிருந்து பேசப் போகிறேன். அவர் மீண்டார் என்ற மகிழ்ச்சியில் எனக்கு என்ன நடந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை என்பது இரண்டாவது பதிலைப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அதன் பிறகு, மேற்பார்வை மணிநேரங்களை எழுத்தில் தரும் முதுநிலைப் படிப்பு கிடைத்தால் அதில் சேர்வேன், கிடைக்காவிட்டால் இளநிலையிலிருந்து தொடங்குவேன். இந்த ஓராண்டில் வேறு எதைச் செய்து என்னைத் தயார்படுத்திக்கொள்ளலாம் என்று மேற்பார்வையாளர் அவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 2 எழுதியவர்

நல்ல முடிவு. வாரத்தில் ஒரு நாள், உங்களிடம் பேச வரும் ஒரு நண்பர் பேசி முடிக்கும்வரை கேள்வியே கேட்காமல் இருந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும், அவர் பயன்படுத்திய சொற்களையே நினைவுக்கு வந்தவரை தாளில் எழுதுங்கள், உங்கள் சொற்களை வேறொரு நிறத்தில் எழுதுங்கள், பெயரை எழுத வேண்டாம். படித்துப் பார்த்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள், அது அவருடையது. ஓராண்டு கழித்து நேர்காணலில் உங்களுக்கு ஏன் இந்தப் படிப்பு என்று கேட்கும்போது, அந்தத் தாள்களில் எந்த நிறம் குறைந்துகொண்டே வந்தது என்பதைச் சொல்லுங்கள்.